மேல் சத்தம்

ஒரகடம்
14-7-1991

அன்புள்ள மச்சானுக்கு, பலராமன் எழுதுவது.

நீங்கள் நாக்பூரிலிருந்து ரயில் பார்சலில் போட்ட இரண்டு ஸ்பீக்கர் யூனிட்டும் வந்து சேர்ந்தன. பெரியதிலும் அடி இல்லை, சின்னதிலும் அடி இல்லை. அடிபட்டது நான்தான். சென்ட்ரலில் எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாற இறங்கினேன். மே மாதம் அங்கே குண்டு வெடித்ததற்குப் பிறகு ஒயர் தொங்குகிற எதையும் போலீஸ்காரர்கள் பார்க்காமல் விடுவதில்லை. "இன்னாய்யா அது?" என்றார் ஒருவர். "குழாய்க்கு உண்டான சாமான் சார்" என்றேன். "குழாயா, தண்ணி வருமா?" என்றார். "பாட்டு வரும் சார்" என்றேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்து மத்தியானம் வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். ஷிப்ட் போச்சு.

மூடிப்போன சினிமா கொட்டகையில் திரைக்குப் பின்னால் இருந்த சாமான் என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. ஆனால் ஒன்றை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். ஊரே அதிர வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. பாட்டில் என்ன வார்த்தை பாடுகிறார்கள் என்று புரிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருஷமாக எந்த ரேடியோவிலும் புரியவில்லை. டேப் ரெக்கார்டரையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். எல்லாப் பாட்டும் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது. இப்போது கடையில் விற்கிற சாமான் அத்தனையும் மட்டம். கல்யாணத்துக்கு முன்னால் நான் எப்படிப்பட்ட பாட்டுப் பைத்தியம் என்று உங்களுக்குத் தெரியும். பகலெல்லாம் மறைமலை நகரில் பிரஸ் ஷாப்பில் நின்று தகடு அடித்துவிட்டு வருகிறவனுக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

மரத்தில் குழாய் செய்து மூலையில் நிறுத்தினால் பாடுகிறவர் எதிரே உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முன்னறையை விட்டுக்கொடுக்கிறேன். உங்கள் தங்கை செங்கமலம் என்ன சொல்கிறாள் தெரியுமா? "எங்க அண்ணனுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ்ல எடமில்லன்னா, ஆசைய வெச்சிக்க எங்க வூடுதான் கெடச்சுதா?" என்கிறாள். அதையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறாள். அதற்குப் பதிலை நீங்களே எழுதுங்கள். அளவையும் சீக்கிரம் அனுப்புங்கள். ஆசாரி வேறு வேலைக்குப் போய்விடுவார்.

இப்படிக்கு
பலராமன்


நாக்பூர்
26-7-1991

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு, புருஷோத்தமன் எழுதிக்கொள்வது.

குவார்ட்டர்ஸில் இடம் இல்லாதது உண்மைதான். கட்டிலைப் போட்டால் பீரோவைத் திறக்க முடியாது. இங்கே சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் எங்கள் பழைய போர்மேன் ஒருவர் வீட்டில் இந்த மாதிரிக் குழாயை வைத்திருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் ஆசையை உங்கள் வீட்டில் வைக்கிறேன் என்று தங்கை சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். லீவில் வந்து கேட்க எனக்கும் ஒரு இடம் வேண்டும்.

வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடும்போது இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவிக்கிறோம் இல்லையா, குழாய் என்பது அவ்வளவுதான். கை எப்படி விரிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு இடத்தில் சட்டென்று விரிந்து இன்னொரு இடத்தில் விரியாமல் நின்றால் சத்தம் உள்ளேயே முட்டிக்கொண்டு மூக்கால் பேசும். ஆகவே ஆசாரி தன் புத்தியை உபயோகிக்கவே வேண்டாம். யூனிட் உட்காருகிற கழுத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு அரை அடிக்கும் அகலம் என்ன என்று படத்தில் போட்டிருக்கிறேன். 2.9, 3.4, 4.1, 4.9, 5.8, 6.9 என்று அங்குலத்தில் ஏறிக்கொண்டே போய், பெட்டிக்குள்ளேயே மடங்கி, மூலையில் சுவரோடு வாய் முடியும். இதில் ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது. கீச்சென்ற மேல் சத்தத்தைக் கொடுக்கிற சின்ன யூனிட்டுக்கு அதனுடைய இரும்புக் குழாயே போதும். பெரிய பெட்டியின் தலைமேல் வையுங்கள். பரீட்சை பண்ண ஒரு கேசட்டும் பதிவு செய்து அனுப்புகிறேன். மூன்றாவது பாட்டின் ஆரம்பத்தில் ஜால்ரா வரும். அது சுத்தமாகக் கேட்டால் குழாய் பாஸ்.

இன்னொரு விஷயம், தப்பாக நினைக்க வேண்டாம். போன தடவை வந்தபோதே கவனித்தேன். செங்கமலம் உங்களிடம் பேசுகிற தோரணை சரியில்லை. கட்டின புருஷனிடம் இப்படிக் கத்துகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவளுக்குத் தனியாக நாலு வரி எழுதி இதிலேயே வைத்திருக்கிறேன். கொடுத்துவிடுங்கள்.

புருஷோத்தமன்


ஒரகடம்
18-8-1991

மச்சானுக்கு,

முதலில் உங்கள் நாலு வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைப் படித்ததிலிருந்து உங்கள் தங்கை கத்துவதை விட்டுவிட்டாள். இப்போது மெதுவாகப் பேசுகிறாள். அவ்வளவு மெதுவாகப் பேசுவதால் என்ன சொல்கிறாள் என்று எனக்கு ஒன்றும் புரிவதில்லை. "இன்னா?" என்று கேட்டால், "மெதுவா பேசச் சொல்லி எங்க அண்ணன் லெட்டர் போட்டுகிறாரு, நீங்களும் கையில குடுத்தீங்க, அனுபவிங்க" என்கிறாள். வேண்டுமென்றே வாய்க்குள் பேசி என்னைப் பழிவாங்குகிறாள். நீங்கள் சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்தது குழாய். வாலாஜாபாத்திலிருந்து தணிகாசலம் ஆசாரியைக் கூட்டி வந்தேன். வாசக்கால், கதவு, ஜன்னல் எல்லாம் பிரமாதமாகச் செய்கிறவர். உங்கள் படத்தைப் பார்த்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், எட்டு நூலு ஒரு அங்குலம். இவரு ரெண்டு அங்குலம் ஒம்பது நூலுன்னு எழுதிகிறாரு. மூணு அங்குலம் ஒரு நூலுன்னு எழுதினா போதாதா? உங்க மச்சானுக்கு எண்ணத் தெரியாதா?" என்று கேட்டார். ரயில்வேயில் அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று சொல்லி உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன்.

ஆனால் பலகைகள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. ஒரு இடத்தில் புடைத்துக்கொண்டு நிற்கிறது, அடுத்த இடத்தில் உள்ளே வாங்குகிறது. ஆசாரி இழைத்துப் பார்த்தார், ஆப்பு வைத்துப் பார்த்தார், கடைசியில் சந்து முழுக்க மக்கு வைத்து அடைத்தார். கழுத்து ஓட்டையில் பெரிய யூனிட் லொடலொட என்று ஆடுகிறது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி நிறுத்தியிருக்கிறேன். பெட்டியை மூலையில் தள்ளியதும் வாசல் கதவில் ஒரு பக்கம் திறக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் ஒருக்களித்து நுழைகிறார்கள். புடவை ஓரம் பிளைவுட்டில் மாட்டிக் கிழிந்ததாக எதிர்வீட்டு அம்மாள் சண்டைக்கு வந்தார்.

இத்தனைக்கும் பிறகு பாட்டைப் போட்டால், ஜலதோஷம் பிடித்தவன் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருக்கிறது. வார்த்தை புரியவில்லை. ஜால்ரா என்றீர்களே, அப்படி ஒன்று அந்தக் கேசட்டிலேயே இல்லை. ஆசாரி தலையைச் சொறிந்துகொண்டு, "கதவுன்னா சொல்லுங்க சார், செஞ்சி தர்றேன்" என்று கிளம்பிவிட்டார். முன்னறையும் போய் பாட்டும் இல்லாமல் நிற்கிறேன். இதற்கு என்ன வழி என்று நீங்களே சொல்லுங்கள்.

பலராமன்


நாக்பூர்
29-8-1991

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இன்றைக்கு வேலையே ஓடவில்லை. ஆசாரி சிரித்தாராம், நீங்கள் என் மானத்தைக் காப்பாற்றினீர்களாம். நான் இரண்டு மாதம் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. மக்கு வைத்து அடைக்கச் சொல்லி நான் எங்கே எழுதியிருக்கிறேன்? பலகை சேரவில்லை என்றால் வெட்டினது தப்பு. வெட்டினது தப்பு என்றால் நிறுத்திவிட்டு எனக்கு ஒரு கார்டு போட்டிருக்க வேண்டும். பிரஸ் ஷாப்பில் தகடு டை அச்சில் உட்காரவில்லை என்றால் மக்கு வைத்தா அடைப்பீர்கள்?

கழுத்தில் சைக்கிள் டியூபாம். அந்த யூனிட்டை நான் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்து பார்சல் ஆபீசில் கொடுத்தேன். கதவு செய்கிற ஆளிடம் குழாயைக் கொடுத்தது யார் தப்பு? அளவு சரியாகத்தான் இருக்கிறது. அளவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாருங்கள்.

புருஷோத்தமன்


நாக்பூர்
30-8-1991

மாப்பிள்ளைக்கு,

நேற்று எழுதினதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். தபாலில் சேர்த்த பிறகுதான் உறைத்தது.

நான் புள்ளி வைத்து எழுதியது தசமம். 2.9 என்றால் இரண்டு அங்குலம், அதற்கு மேல் ஓர் அங்குலத்தைப் பத்தாகப் போட்டதில் ஒன்பது பங்கு. உங்கள் ஆசாரி புள்ளிக்குப் பிறகு வருவதையெல்லாம் நூலாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி எடுத்தால் 4.1 கிட்டத்தட்ட சரியாக வரும். 4.9 என்பது ஐந்தைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் ஒரு இடத்தில் புடைப்பு, ஒரு இடத்தில் பள்ளம். போதாக்குறைக்கு நானே "ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது" என்று வேறு எழுதித் தொலைத்திருக்கிறேன்.

ஆனாலும் ஒன்பது நூல் என்று பார்த்தபோதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? பிரித்துவிட்டு மறுபடி வெட்டச் சொல்லுங்கள். அவசரமாக எழுதுகிறேன், மற்றது பிறகு.

புருஷோத்தமன்


ஒரகடம்
22-9-1991

மச்சானுக்கு,

தபால்காரர் புண்ணியத்தில் உங்கள் இரண்டாவது கடிதம் முதலில் வந்தது. சரி, மனுஷன் இறங்கி வந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் முதல் கடிதம் வந்தது. படிக்காமல் கிழித்திருக்கலாம், படித்துவிட்டேன். உங்கள் வீட்டு மாப்பிள்ளை என்கிற மரியாதைக்காவது அந்த டை உதாரணத்தை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். ஒரு வாரம் உங்களுக்கு எழுதவே கூடாது என்று இருந்தேன். செங்கமலம்தான் ஏதோ சமாதானம் சொன்னாள். பாதி காதில் விழவில்லை, இருந்தாலும் தலையாட்டி வைத்தேன்.

ஆசாரியைச் சம்மதிக்க வைக்க வாலாஜாபாத்துக்கு நடையாய் நடந்தேன். "புள்ளி வெச்சா நூலுதான் சார், எங்கப்பா காலத்துலேர்ந்து அப்பிடித்தான்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். உங்கள் தசமத்தை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் எங்கள் கம்பெனி வழக்கப்படி எல்லா அளவையும் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்தேன். அதை அவர் வாங்கிக்கொண்டு போய்த் திரும்ப நூலுக்கு மாற்றிக்கொண்டார். இந்தத் தடவை சரியாகத்தான் மாற்றியிருக்கிறார். பலகைகள் கையால் தடவினால் தெரியாத மாதிரி சேர்ந்துவிட்டன. யூனிட் கழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. டியூபை எடுத்து எறிந்துவிட்டேன்.

அடி சத்தம் பிரமாதம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். தவில் அடித்தால் நெஞ்சில் வந்து மோதுகிறது. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் எனக்கு எது வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். வார்த்தை வேண்டும். அது வரவில்லை. அதே கம்பளி. மேல் சத்தம் என்று ஒன்று இந்தக் குழாயில் இல்லவே இல்லை. ஜால்ராவும் வரவில்லை. உங்கள் சின்ன யூனிட் அவுட்.

செங்கமலத்தைக் கேட்டால், "நல்லாத்தான் கீது, இன்னும் இன்னா கொற கண்டீங்க?" என்கிறாள். எப்படியாவது இது முடிந்து ஆசாரியும் மரத்தூளும் வீட்டை விட்டுப் போனால் போதும் என்று அப்படிச் சொல்கிறாள். எனக்குத் தெரியாதா.

பலராமன்


நாக்பூர்
6-10-1991

மாப்பிள்ளைக்கு,

சின்ன யூனிட் அவுட் ஆக வழியே இல்லை. அனுப்புவதற்கு முன்னால் இங்கே மேஜைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் கதவைத் தட்டினார். ஒயரை மாற்றிக் கொடுத்துப் பார்த்தீர்களா? ஒயர் முனை சரியாகப் பற்றவைத்திருக்கிறதா? டேப் ரெக்கார்டரின் ஹெட்டைச் சுத்தம் பண்ணினீர்களா? ஒன்றும் எழுதாமல் அவுட் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

என் கூட வேலை செய்கிற வசந்தகுமார் தாம்பரத்துக்கு லீவில் வருகிறார். அவரிடம் அதே மாதிரி இன்னொரு சின்ன யூனிட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். போய் வாங்கிக்கொண்டு மாற்றிப் பாருங்கள். அப்போதும் ஜால்ரா வரவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். இந்தக் குழாயை நினைத்து நினைத்து எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடும். தீபாவளிக்கு லீவு போட்டிருக்கிறேன். நானே வந்து பார்த்துவிடுகிறேன்.

புருஷோத்தமன்


நாக்பூர்
14-11-1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். வந்ததிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு தைரியம் வரவில்லை.

தீபாவளி அன்று சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, வசந்தகுமார் கொண்டுவந்த சின்ன யூனிட்டை மாட்டிக் கேசட்டைப் போட்டோம். மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது. மாப்பிள்ளை, ஜால்ரா வந்தது. எப்படி வந்தது என்றால், வாசலில் யாரோ பஜனைக்காரர் வந்து நிற்கிறார் என்று நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன். அடுப்படியில் இருந்த செங்கமலம் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த நீங்கள் என் தொடையில் தட்டி, "பாத்தீங்களா மச்சான், வரவே இல்ல" என்றீர்கள். என்னைச் சீண்டுகிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகு நான் பெட்டியைப் பிரித்து, ஒயரைப் பார்த்து, திருப்புளியை வைத்துக்கொண்டு வெகு நேரம் எதையோ நோண்டினேனே, அது சும்மா நடிப்பு. அங்கே சரி பண்ண ஒன்றும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கையை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பட்டது. தங்கை உள்ளே இருந்து "சாவி எங்க?" என்று கேட்டாள். "காபி குடிச்சாச்சு" என்றீர்கள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. அவளே வந்து சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு இது பழகிப்போயிருக்கிறது. தெருமுனையில் கம்பெனி பஸ் பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தபோது நீங்கள் திரும்பவே இல்லை, நான்தான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன், ஞாபகம் இருக்கும்.

குழாயில் குறை இல்லை மாப்பிள்ளை. குறை காதில் இருக்கிறது. அடி சத்தம் கேட்கிறது, மேல் சத்தம் உங்களுக்குப் போய்விட்டது. வார்த்தை புரிவது மேல் சத்தத்தில்தான். அந்த பிரஸ் சத்தத்தில் இத்தனை வருஷம் நின்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். உங்கள் ரேடியோவும் டேப்பும்கூட நன்றாகத்தான் இருந்திருக்கும்.

செங்கமலம் உங்களிடம் கோபத்தில் கத்தவில்லை. உங்களுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்தியிருக்கிறாள். தெருவில் வாயாடி என்று பெயர் வாங்கியிருக்கிறாள். அண்ணன்காரன் நானும் அவளுக்குப் புத்தி சொல்லி எழுதினேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் காது டாக்டரிடம் காட்டுங்கள். இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அந்த லைனை விட்டு வெளியே வாருங்கள்.

உங்கள்
புருஷோத்தமன்


ஒரகடம்
25-11-1991

மச்சானுக்கு,

கணக்கு தப்பானபோது ஆசாரிமேல் பழி போட்டீர்கள். இப்போது குழாய் தப்பானதும் என் காதின்மேல் போடுகிறீர்கள். உங்களுக்கு எப்போதுமே யாராவது ஒருவர் வேண்டும்.

நான் செவிடனா? எங்கள் லைனில் நிற்கிற அத்தனை பேரும் என்னைப் போலத்தான் பேசுகிறார்கள், என்னைப் போலத்தான் கேட்கிறார்கள். அப்படியென்றால் அவர்கள் எல்லோரும் செவிடா? சூப்பர்வைசர் இராமச்சந்திரன் பதினைந்து வருஷமாக அங்கே நிற்கிறார். அவர் வீட்டில் போய் இப்படி ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள். இது வெளியே தெரிந்தால் அடுத்த மெடிக்கலில் என்னைக் கழற்றிவிடுவார்கள். அதை யோசித்தீர்களா? காபி, சாவி என்று வீட்டில் நடந்ததையெல்லாம் வேவு பார்த்துக்கொண்டு போய் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் தீபாவளிக்கு வந்தீர்களா?

உங்கள் தங்கையும் கடிதத்தைப் படித்துவிட்டு அழுகிறாள். எதற்கு அழுகிறாள் என்று சொல்லவும் மாட்டேன்கிறாள். ஆசாரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் குழாயைப் பிரித்துப் போட்டுவிடுவேன். கதவாவது திறக்கட்டும்.

பலராமன்


நாக்பூர்
5-12-1991

மாப்பிள்ளைக்கு,

பிரிக்க வேண்டுமென்றால் பிரியுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். சின்ன யூனிட்டுக்கு மட்டும் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டி, வசந்தகுமாரின் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அதில் ஒரு குமிழ் இருக்கிறது. திருப்பினால் மேல் சத்தம் மட்டும் ஏறும், மற்றது அப்படியே இருக்கும். மூன்றாவது பாட்டைப் போட்டுவிட்டுத் திருப்பிக்கொண்டே போங்கள். உங்களுக்கு ஜால்ரா கேட்கும்போது நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிறவர்களைப் பாருங்கள்.

நான் சொன்னது தப்பு என்றால், பலகையை அடுப்பில் வைத்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். நான் வந்து உங்கள் காலில் விழுகிறேன். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

புருஷோத்தமன்


ஒரகடம்
29-12-1991

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் ஆம்ப்ளிஃபயர் வந்து பத்து நாளாக அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. அதைத் தொடக் கூடாது என்று வீம்பாக இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை ஒன்றும் இல்லை. ஆசாரியும் வரக்காணோம். சரி, உங்களைப் பொய்யாக்கிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம் என்று மாட்டினேன்.

குமிழைத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. இன்னும் திருப்பினேன். கடைசி வரைக்கும் போக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, அப்போது வந்தது மச்சான். ஜால்ரா. அது நின்ற பிறகு பாடுகிற அம்மாள் ஆரம்பித்தாள். வார்த்தை ஒவ்வொன்றாகப் புரிந்தது. கம்பளி இல்லை. ஜெயித்தேன், குழாய்தான் குறை என்று சொல்லத் திரும்பினேன்.

அறையில் யாரும் இல்லை. செங்கமலம் முந்தானையைச் சுருட்டி இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டு தெருவில் நிற்கிறாள். எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். அவள் வாயை அசைத்து ஏதோ கத்துகிறாள். ஊரில் இருக்கிற அத்தனை பேராலும் தாங்க முடியாத சத்தம் எனக்கு அப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறது. பாட்டு முடியும் வரை நான் குமிழைத் தொடவில்லை. அவள் அங்கேயே நின்றாள், உள்ளே வந்து பாட்டை நிறுத்தவில்லை. அந்த ஒரு பாட்டை நான் தனியாக உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

காஞ்சிபுரத்துக்கும் போய் வந்தோம். டாக்டர் காதில் ஏதோ மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார். நான் சத்தம் வரட்டும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அவர் பாதிச் சத்தத்துக்கு மேல் ஓட்டிவிட்டாராம். நரம்பு போனது போனதுதான், மருந்து இல்லை, மேற்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இராமச்சந்திரனிடம் ஸ்டோர்ஸுக்கு மாற்றல் கேட்டேன். அவர் "இன்னா?" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் "இன்னா?" என்றார். கடைசியில் காதருகில் போய்க் கத்தினேன். "பாக்கலாம்" என்றிருக்கிறார். பார்க்கலாம் என்றால் அங்கே இல்லை என்றுதான் அர்த்தம். ஆனாலும் விடப்போவதில்லை, தினமும் போய் நிற்கப் போகிறேன்.

குழாயைப் பிரிக்கவில்லை. நீங்கள் புதிதாக எதையும் கட்டி அனுப்பவும் வேண்டாம். கணக்கு எல்லாம் சரியாகிவிட்டது, இதற்கு மேல் சரி பண்ண ஒன்றும் இல்லை.

நேற்று குமிழைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்து வைத்துவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டேன். வந்து பெட்டிக்கு எதிரில் கால் நீட்டி உட்கார்ந்தாள். பாட்டைப் போட்டேன். எனக்கு தவில் வந்தது, அடி சத்தம் வந்தது, மற்றது பழைய கம்பளிதான். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு இடத்தில் தானாகச் சிரித்தாள்.

"இன்னா சிரிக்கிற?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. பாடுற அம்மா ஒரு எடத்துல மூச்சு வாங்குது, அது நல்லா கீது" என்று என் பக்கம் திரும்பி, கத்தித்தான் சொன்னாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பலராமன்